குமாஸ்தா புத்தியும் ஆயில் பெயின்டிங்கும்

நம் ஊரில் ஓய்வு பெற்ற ஒருவர் கோயில் கமிட்டியில் சேர்ந்தால் யாரும் எதுவும் கேட்பதில்லை. காலையில் கடற்கரைச் சாலையில் நடந்தாலும் கேட்பதில்லை. வீட்டு மாடியில் ஸ்டாண்டு போட்டு, கான்வாஸ் வைத்து, ஆயில் பெயின்டிங் ஆரம்பித்தால் மட்டும் கேள்விகள் வரிசையாக வரும். எங்கே கற்றுக்கொண்டீர்கள்? எங்கிருந்து இந்த யோசனையெல்லாம் வருகிறது? முப்பது வருஷம் ஃபைல் தள்ளியவருக்கு இது எதற்கு? மூன்றாவது கேள்வியை முகத்துக்கு நேரே கேட்கமாட்டார்கள். வாசற்படி இறங்கும்போது, காதில் விழும்படி தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள்.

என்னைப் பற்றிப் பழைய வாசகர்களுக்குத் தெரியும். பிரெஞ்சுப் பள்ளியில் படித்துவிட்டு அரசு அலுவலகத்தில் எல்.டி.சி.யாக நுழைந்து, யு.டி.சி.யாக வளர்ந்து, பென்ஷனோடு வெளியே வந்தவன். 'குமாஸ்தா புத்தி' என்ற சொல்லை என் காலத்தில் எத்தனை முறை கேட்டிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. கற்பனை இல்லாதவன், கோடு போட்ட இடத்தில் எழுதுகிறவன், எதையும் புதிதாகச் செய்யத் துணியாதவன் என்று அதற்கு அர்த்தம். இந்தச் சொல்லின்மேல் எனக்கு நெடுநாளாக ஒரு வழக்கு உண்டு. என் தரப்புச் சாட்சி ஒருவரே. அவர் ஒரு பிரெஞ்சுக்காரர். பெயர் ஆன்ரி ரூசோ.

நாம் பள்ளியில் படித்த தத்துவஞானி ழான் ழாக் ரூசோ வேறு, இவர் வேறு. இவர் 1844இல் மேற்குப் பிரான்சில் லவால் என்ற ஊரில் பிறந்தவர். அப்பா தகரவேலை செய்தவர். ரூசோ சில வருஷம் பட்டாளத்தில் இருந்துவிட்டு, 1871இல் பாரீஸ் நகரத்து 'ஒக்த்ருவா'வில் வேலைக்குச் சேர்ந்தார். வடக்கே பல ஊர்களில் ஆக்ட்ராய் என்று ஒரு நுழைவு வரி இருந்ததே, அந்தச் சொல்லும் இதிலிருந்து வந்ததுதான். பாரீசுக்குள் வரும் வைன் பீப்பாய், வைக்கோல், விறகு எல்லாவற்றுக்கும் நகர எல்லையிலேயே வரி. ரூசோ அந்தச் சாவடியில் நின்றும், கிடங்கைக் காவல் காத்தும், சீட்டு எழுதியும் சம்பளம் வாங்கினார். பிற்காலத்தில் அவரைத் 'துவானியே', அதாவது சுங்க அதிகாரி, என்று அழைத்தார்கள். அதே லவாலில் பிறந்த எழுத்தாளர் அல்ஃப்ரெத் ழாரி வைத்த பெயர் அது. உண்மையில் அவர் சுங்க அதிகாரி அல்ல, அதற்குக் கீழ்ப்பட்ட உத்தியோகம். கிண்டலிலும் ஒரு பதவி உயர்வு கிடைத்தது மனிதருக்கு!

நாற்பது வயதுவாக்கில்தான் தூரிகை எடுத்தார். 1884இல் லூவ்ரு அருங்காட்சியகத்தில் பழைய படங்களைப் பார்த்து நகல் எடுக்க அனுமதிச் சீட்டு வாங்கினார். இயற்கையைத் தவிர எனக்கு ஆசிரியர் இல்லை, ழெரோம், க்ளெமான் என்ற இரண்டு பெரிய ஓவியர்கள் மட்டும் கொஞ்சம் யோசனை சொன்னார்கள் என்று அவரே எழுதி வைத்திருக்கிறார். வேலை நேரம் போக மிச்ச நேரத்தில் வரைந்தார். பிரெஞ்சில் 'ஞாயிற்றுக்கிழமை ஓவியர்' என்று இளக்காரமாகச் சொல்வார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமைகள் போதவில்லை என்று 1893இல், 49 வயதில், முன்கூட்டியே ஓய்வு வாங்கிக்கொண்டார். பென்ஷன் சின்னத் தொகை. வயலின் சொல்லிக்கொடுத்தார், அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குப் படம் வரையச் சொல்லிக்கொடுத்தார், கடன் அடைக்கக் கடைக்காரர்களுக்குப் படம் வரைந்து கொடுத்தார். இரண்டு மனைவியரையும் பல குழந்தைகளையும் சாகக் கொடுத்தார். அத்தனைக்கும் நடுவில் வரைந்தார்.

இவர் புகழ் பெற்றது காட்டுப் படங்களால். புலி, சிங்கம், குரங்கு, பாம்பு, ஆள் உயர இலைகள், அதற்குள் தொங்கும் ஆரஞ்சுப் பழங்கள். பட்டாளத்தில் இருந்தபோது மெக்சிகோ போனார், அந்தக் காட்டைத்தான் வரைகிறார் என்று ஒரு கதை பரவியது. கவிஞர் அப்போலினேர் அந்தக் கதையை ஊதிப் பெரிதாக்கினார். உண்மை என்னவென்றால், ரூசோ பிரான்சை விட்டு வெளியே காலடி வைத்ததே இல்லை. அவருடைய காடு பாரீஸ் நடுவில் இருந்த 'ழார்தான் தெ பிளாந்த்' என்ற தாவரவியல் பூங்கா. அங்கே கண்ணாடி வீடுகளில் வெப்ப நாட்டுச் செடிகள் வளர்த்தார்கள். அதற்குள் நுழைந்தாலே கனவுக்குள் போவதுபோல் இருக்கிறது என்று அவர் ஒரு விமர்சகரிடம் சொல்லியிருக்கிறார். பக்கத்திலேயே மிருகக்காட்சி சாலை. அதை அடுத்து, பஞ்சடைத்த மிருகங்களை வைத்த இயற்கை வரலாற்று அருங்காட்சியகம். 1905இல் அவர் காட்சிக்கு வைத்த, மான்மேல் பாயும் பசித்த சிங்கம், மூன்று மீட்டர் அகலப் படம். அந்தச் சிங்கமும் மானும் அதே அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் நின்ற பஞ்சடைத்த உருவங்கள்தான்.

இன்னொரு விஷயமும் உண்டு. கலெரி லஃபயெத் என்ற பெரிய கடை பிள்ளைகளுக்காகக் காட்டு விலங்குகள் பற்றி ஒரு படப்புத்தகம் வெளியிட்டிருந்தது. ரூசோ அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பாண்டோகிராஃப் என்ற கருவியால் மிருகங்களின் உருவத்தைப் பெரிதாக்கிக் கான்வாஸில் இறக்கினார். நம் சினிமா பேனர்க்காரர்கள் சின்ன போட்டோவில் கட்டம் போட்டு நாற்பது அடி எம்.ஜி.ஆர். வரையவில்லையா, அதே வேலைதான். "அப்படியானால் இது காப்பி அல்லவா?" என்று கேட்கிறவர்களுக்கு என் பதில்: புத்தகத்தில் இருந்த புலியைப் பாருங்கள், ரூசோவின் புலியைப் பாருங்கள். 1891இல் வரைந்த, புயல் மழையில் பதுங்கும் புலி இப்போது லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கிறது. மழையை வெள்ளி நூல்போல் சாய்வாகப் படம் முழுக்க இழுத்திருப்பார். புல் ஒவ்வொன்றும் தனித்தனியாகக் காற்றில் வளைந்திருக்கும். உருவத்தை எங்கிருந்தும் எடுக்கலாம். இந்த மழையை எந்தப் புத்தகத்திலிருந்து எடுப்பது?

தாவர அறிவு என்று பார்த்தால் நம் ஊர் ஆட்கள் சிரிப்பார்கள். தொட்டியில் வளரும் சின்னச் செடியின் இலையை மரமளவுக்கு ஆக்கியிருப்பார். 1908இல் வரைந்த புலியும் எருமையும் சண்டையிடும் படத்தில் வாழைக்காய் தலைகீழாகக் காய்த்திருக்கிறது. வாழைத்தாரில் சீப்பு எந்தப் பக்கம் நிமிர்ந்திருக்கும் என்று நம் பேரப்பிள்ளைகளுக்கே தெரியும். தாரை மரத்தில் பார்க்காத மனிதர், சந்தையில் வாங்கிய சீப்பைப் பார்த்து வரைந்திருப்பார் என்பது என் ஊகம். ஆனாலும் அந்தப் படத்தின் முன் நின்றால் காடு மூச்சு விடுவதுபோல் இருக்கும்.

நம் நாட்டுக்கும் இந்த மனிதருக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. ஓவியர் ரொபேர் தெலோனேயின் தாயார் பெர்த் தெலோனே இந்தியாவுக்கு வந்து போனவர். அந்தப் பயணக் கதைகளை ரூசோவிடம் சொல்லி, தனக்கு ஒரு படம் வேண்டும் என்று கேட்டார். 1907இல் ரூசோ வரைந்து கொடுத்ததுதான் 'லா ஷர்மேஸ் தெ செர்ப்பான்', பாம்பு மயக்கும் பெண். நிலா வெளிச்சம், ஆற்றங்கரை, கறுத்த ஒரு பெண் புல்லாங்குழல் ஊதுகிறாள், பாம்புகள் மரத்திலிருந்து இறங்கி வருகின்றன. நாம் பார்த்த பாம்பாட்டி ஆண். கையில் சுரைக்குடுக்கை மகுடி, எதிரே கூடை. இந்தப் படத்தில் இந்தியா என்று சொல்ல ஒரு செடிகூட இல்லை. அந்த அம்மாள் "இது நான் பார்த்த ஊர் இல்லை" என்று திருப்பி அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை, வீட்டில் மாட்டினார். பிற்பாடு அதை வாங்கிய ழாக் தூசே என்பவர் லூவ்ருக்கு எழுதி வைத்தார். இப்போது ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நான் முதலில் அதை ஒரு பிரெஞ்சுப் புத்தகத்தில் உள்ளங்கை அளவுப் படமாகத்தான் பார்த்தேன். அந்த அளவிலும், ராத்திரி தண்ணீர் அருகே நிற்கும்போது உடம்பில் ஏறும் சில்லிப்பு எனக்குத் தெரிந்தது. எங்கிருந்து யோசனை வருகிறது என்ற கேள்விக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை. யாரோ சொன்ன கதை, டிக்கெட் வாங்காமல் பார்த்த செடி, பிள்ளைகள் புத்தகம் ஒன்று. அவ்வளவுதான் அவர் கைமுதல்.

இனி நான் சொல்ல வந்த குமாஸ்தா விஷயத்துக்கு வருகிறேன்.

ரூசோ வேலை செய்வதை நேரில் பார்த்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். அவர் படத்தை மூலை மூலையாக முடித்துக்கொண்டு போகிறவர் அல்ல. ஒரு நிறத்தை எடுத்தால், படம் முழுக்க அந்த நிறம் எங்கெங்கே வேண்டுமோ அங்கெல்லாம் வைத்துவிட்டு, பிறகுதான் அடுத்த நிறம். ஒரு பச்சை முடிந்ததும் அடுத்த பச்சை. அது முடிந்ததும் இன்னொரு பச்சை. அவர் காட்டில் பச்சை எத்தனை வகை என்று எண்ணப் புகுந்தால் கண் வலிக்கும்.

இதைப் படித்தபோது எனக்குச் சம்பளப் பட்டியல்தான் நினைவுக்கு வந்தது. கம்ப்யூட்டர் வராத காலத்தில் நாங்கள் எப்படிப் போடுவோம்? ஒரு ஆளுக்கு அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படி, வீட்டு வாடகைப்படி, பிடித்தம் என்று குறுக்கே எழுதிக்கொண்டு போனால் கட்டாயம் தப்பு வரும். எல்லோருக்கும் அடிப்படைச் சம்பளம் மேலிருந்து கீழே. பிறகு எல்லோருக்கும் பஞ்சப்படி மேலிருந்து கீழே. பத்தி பத்தியாகத்தான் போகவேண்டும். கடைசியில் கூட்டல் நேராக வரும். ரூசோ தம் காட்டைப் பத்தி பத்தியாகப் போட்டவர். இருபத்திரண்டு வருஷம் சாவடியில் உட்கார்ந்த மனிதருக்கு அது கை வந்த கலை என்று நான் நினைக்கிறேன். கலை விமர்சகர்கள் இப்படிச் சொல்லமாட்டார்கள். அவர்கள் யாரும் சம்பளப் பட்டியல் போட்டதில்லை.

ஆயில் பெயின்டிங் செய்கிறவர்களுக்கு இதன் லாபம் உடனே புரியும். ஆயில் வண்ணம் தண்ணீர்போல் ஆவியாகிக் காய்வதில்லை. அதில் இருக்கும் ஆளிவிதை எண்ணெய் காற்றிலிருந்து ஆக்ஸிஜனை இழுத்துக்கொண்டு மெல்ல இறுகுகிறது. அம்பர் என்ற மண்பழுப்பு நிறம் சீக்கிரம் இறுகும். கறுப்பு வகைகளில் சில நாட்கணக்கில் பிசுபிசுவென்று கிடக்கும். ஈரமான சிவப்புக்குப் பக்கத்தில் ஈரமான பச்சை வைத்துத் தூரிகை வழுக்கினால் கிடைப்பது சேற்று நிறம். ஐப்பசி, கார்த்திகை மழையில் நம் புதுச்சேரியில் இது இரட்டைத் தலைவலி, கான்வாஸின் பின்புறம் பூஞ்சணம் வேறு. கீழே எண்ணெய் குறைவாகவும் மேலே அதிகமாகவும் இருக்கவேண்டும், இல்லாவிட்டால் மேல் பூச்சு வெடிக்கும் என்று ஒரு பழைய விதி உண்டு. நான் எந்த நாளில் எந்தப் பூச்சு வைத்தேன், எத்தனை துளி எண்ணெய் சேர்த்தேன் என்று ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வைக்கிறேன். வீட்டில், "இதற்கும் ரிஜிஸ்டரா?" என்று சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். என் படங்களில் இதுவரை வெடிப்பு இல்லை.

ரூசோவின் அளவுகோல் பற்றியும் சொல்லவேண்டும். 1909இல் அப்போலினேரையும் அவர் காதலியையும் வரைந்தபோது, கவிஞரின் மூக்கு, வாய், காது, நெற்றி, கை எல்லாவற்றையும் அளவெடுத்து, கான்வாஸுக்குத் தக்கபடி குறைத்துக்கொண்டார் என்று அப்போலினேரே எழுதியிருக்கிறார். தையற்காரர்போல! வந்த படம் கவிஞர் சாயலில் இருந்ததா என்பது வேறு விஷயம். கவிஞருக்கு முன்னால் ஒரு வரிசைப் பூ வரைந்தார். பிரெஞ்சில் 'எய்யெ தெ பொயெத்' என்று ஒரு பூ, கவிஞனின் பூ என்று அர்த்தம். வரைந்து முடித்த பிறகு பார்த்தால் பூ மாறிவிட்டது. அது வேறு பூ. மனிதர் என்ன செய்தார் தெரியுமா? முழுப் படத்தையும் இன்னொரு முறை, சரியான பூவோடு, புதிதாக வரைந்தார். ஒன்று மாஸ்கோவில் இருக்கிறது, மற்றொன்று சுவிட்சர்லாந்தின் பாஸல் நகரில். பூவை மட்டும் சுரண்டித் திருத்தியிருக்கலாம். அடித்தல் திருத்தல் இல்லாமல் சுத்தப் பிரதி எடுப்பது யாருடைய பழக்கம் என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

இந்த மனிதரை உலகம் எப்படி நடத்தியது? பத்திரிகைகள் வருஷா வருஷம் சிரித்தன. 1898இல் அவர் 'தூங்கும் நாடோடிப் பெண்' படத்தை வாங்கிக்கொள்ளும்படி தம் சொந்த ஊர் மேயருக்கு விண்ணப்பம் எழுதினார். பாலைவனம், நிலா, பக்கத்தில் மாண்டலின், தூங்குகிறவளை முகரும் சிங்கம். விலை 1,800 முதல் 2,000 பிராங்க் என்று பணிவாகக் குறிப்பிட்டார். லவால் நிராகரித்தது. இன்று அது நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் மிகப் பெயர்பெற்ற படங்களில் ஒன்று. லவால் நகரம் பிற்பாடு ரூசோவை முன்னிட்டு ஒரு அருங்காட்சியகமே வைத்தது. அந்தப் படத்தை மட்டும் அதில் வைக்க முடியாது. ஃபைலில் 'நிராகரிக்கப்பட்டது' என்று குறிப்பெழுதுகிற கைகள் கொஞ்சம் யோசிக்கலாம்.

1908இல் பிக்காஸோ, பழைய சாமான் கடையில் ஐந்து பிராங்குக்கு வாங்கிய ரூசோ படம் ஒன்றைச் சுவரில் சாத்தி, அவருக்குத் தம் ஸ்டுடியோவில் விருந்து வைத்தார். பெட்டிமேல் நாற்காலி போட்டு சிம்மாசனம். காகித விளக்கிலிருந்து மெழுகு சொட்டுச் சொட்டாகத் தலையில் விழுந்ததாம். பெரியவர் அசையாமல் உட்கார்ந்திருந்தாராம். வயலினும் வாசித்தார். அது மரியாதையா கேலியா என்று இன்றைக்கும் வாதிடுகிறார்கள். பாதிக்குப் பாதி என்பது என் அபிப்பிராயம். ஆனால் பிக்காஸோ அந்தப் படத்தை விற்கவே இல்லை, சாகும்வரை வைத்திருந்தார். கேலிக்கு வாங்கிய பொருளை யாரும் அறுபது வருஷத்துக்கு மேல் வைத்திருப்பதில்லை.

இதையெல்லாம் நான் இப்போது எழுதுவதற்குக் காரணம் என்னோடு ஒரே செக்ஷனில் இருந்த நண்பர் ஒருவர். வயது 74. எட்டு வருஷமாக ஆயில் பெயின்டிங் செய்கிறார். ஏரி, பனைமரம், மீன்பிடி வலை, தன் தாயார் அரிவாள்மணையில் உட்கார்ந்த காட்சி. சென்ற வருஷம் ஒரு கண்காட்சிக்கு ஐந்து படங்களை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார். தேர்வு செய்ய உட்கார்ந்திருந்தவர் ஒரு நிமிஷம்கூடப் பார்க்கவில்லை. "சார், கை முறையா பழகாத கை. பர்ஸ்பெக்டிவ் இல்லை" என்று சொல்லி அனுப்பிவிட்டார். வீட்டுக்கு வந்த நண்பர் வண்ணக் குழாய்களை ஒரு அட்டைப்பெட்டியில் போட்டுப் பரணில் வைத்துவிட்டார். நான் கேட்டதற்கு, "விடப்பா, நமக்கு எதுக்கு அதெல்லாம். ஃபைல் தள்ளினவன் ஃபைல் தள்ளினவன்தான்" என்றார். அந்த வார்த்தைதான் என்னைத் தைத்தது. அடுத்தவர் சொன்னால் பதில் சொல்லலாம். நம்மவரே சொன்னால் என்ன செய்வது?

அவருடைய தாயார் படத்தில் அரிவாள்மணை அளவுக்கு மீறிப் பெரிதாக இருக்கும், உண்மைதான். ரூசோவிடமும் ஒருவர் இப்படிக் கேட்டார். மளிகைக்காரர் ழூனியே குடும்பம் வண்டியில் போகும் படத்தில், வண்டிக்குள் உட்கார்ந்த நாய் பெரிதாக இருக்கிறதே என்று மாக்ஸ் வெபர் என்ற இளம் ஓவியர் கேட்டார். ரூசோ ஒருமுறை படத்தை உற்றுப் பார்த்துவிட்டு, இல்லை, அது அப்படித்தான் இருக்கவேண்டும் என்றாராம். பிள்ளை பார்த்த அரிவாள்மணை பெரிதாகத்தான் இருக்கும்.

ரூசோவுக்குக் கிடைத்து என் நண்பருக்குக் கிடைக்காதது ஒன்று உண்டு. அது திறமை அல்ல, சுவர். 1884இல் பாரீசில் சில ஓவியர்கள் சேர்ந்து சுயேச்சைக் கலைஞர்களுக்கு ஒரு கண்காட்சி தொடங்கினார்கள். தேர்வுக் குழு கிடையாது, பரிசும் கிடையாது. கட்டணம் கட்டினால் படம் மாட்டலாம். ரூசோ 1886 முதல் சாகும் வருஷம்வரை, ஓரிரு வருஷம் தவிர, அங்கே மாட்டினார். அதே சுவரில் செராவும் சிஞ்ஞாக்கும் மாட்டினார்கள். வந்தவர்கள் பெரும்பாலும் சிரித்தார்கள். ஆனால் 1891இல் அந்தப் புலியைப் பார்த்து வலோத்தோன் என்ற இளம் ஓவியர் பாராட்டி எழுதினார். தேர்வுக் குழு இருந்திருந்தால் அந்தப் புலி வாசலிலேயே திரும்பியிருக்கும்.

நம் புதுச்சேரியில் வருஷத்தில் ஒரு வாரம், ஏதாவது ஒரு மண்டபத்தின் சுவரை இப்படி விட்டால் என்ன? தேர்வு வேண்டாம், ரிப்பன் வெட்ட யாரும் வேண்டாம், பொன்னாடை வேண்டாம். ஆளுக்கு இரண்டு படம், சிறு கட்டணம், ஆணிக்கும் விளக்குக்கும் அது போதும். தபால்காரர், நர்சம்மா, டிரைவர், மில் தொழிலாளி என்று எத்தனை பேர் வீட்டுக்குள் வரைந்து வைத்திருக்கிறார்கள் என்று அப்போது தெரியும். பாதிப் படங்கள் மோசமாக இருக்கும். பாரீசிலும் அப்படித்தான் இருந்தது.

ரூசோ 1910 செப்டம்பரில் காலில் ஏற்பட்ட அழுகல் புண்ணால் பாரீஸ் நெக்கர் மருத்துவமனையில் இறந்தார். அதே வருஷ வசந்தத்தில் அவர் கடைசியாக மாட்டிய படம் 'கனவு'. சுமார் இரண்டு மீட்டர் உயரம், மூன்று மீட்டர் அகலம். நிலாக் காட்டின் நடுவே ஒரு சிவப்பு சோபா, அதில் ஒரு பெண். காட்டில் சோபா எப்படி வந்தது என்று ஒரு விமர்சகர் கேட்டு எழுதினார். ரூசோ ஒழுங்காகப் பதில் எழுதினார்: அந்தப் பெண் தன் வீட்டுச் சோபாவில்தான் தூங்குகிறாள், காட்டுக்கு வந்துவிட்டதாகக் கனவு காண்கிறாள், ஆகவே சோபாவும் இருக்கிறது. வந்த கடிதத்துக்கு உரிய விளக்கம் தரப்பட்டது.

அடுத்த வாரம் நண்பர் வீட்டுக்குப் போகிறேன். ரூசோ தம் சாவடியையே வரைந்த ஒரு சின்னப் படம் லண்டன் கோர்ட்டோல்ட் கேலரியில் இருக்கிறது. அலுவலகத்தை அவர் வரைந்தது அது ஒன்றுதான். அதைக் கலர் பிரிண்ட் எடுத்து வைத்திருக்கிறேன். பரணில் ஏற அவருக்கு முழங்கால் இடம் கொடுக்காது. என் பேரனையும் கூட்டிப்போகிறேன்.